திம்பத்தில் நின்ற லாரியும் லெ மானில் நின்ற டொயோட்டாவும்

டர்போ ஹோஸ் கழன்றால் வண்டி என்ன ஆகும் என்று சங்ககிரியிலோ திருச்செங்கோட்டிலோ லாரி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இழுவை போய்விடும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் கத்துமே தவிர வண்டிக்குப் பலம் வராது. பின்னால் கரும்புகை கக்கும். ஏற்றத்தில் லோடோடு இருந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

நான் இதைப் பன்னிரண்டு வயதில் பார்த்தேன். பெரியப்பாவிடம் அப்போது இரண்டு லாரிகள் இருந்தன. கோடை லீவில் சிமெண்டு லோடு ஏற்றிச் சாமராஜநகர் கிளம்பிய வண்டியில் நானும் தொற்றிக்கொண்டேன். பண்ணாரி தாண்டித் திம்பம் மலை ஏறுகிறோம். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுக்கு மேலே புஸ்ஸென்று ஒரு சத்தம். "இழுக்க மாட்டேங்குதுங்க" என்றார் டிரைவர் அண்ணன். சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். கேபினைச் சாய்த்து டார்ச் அடித்தால், மணிக்கட்டு பருமனுள்ள ரப்பர் ஹோஸ் இன்டர்கூலர் குழாயிலிருந்து நழுவி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த கிளாம்ப், விரல் அகலத் தகடு, மரை தேய்ந்து வாயைப் பிளந்திருந்தது. மாற்றுக் கிளாம்ப் கையில் இல்லை. பழைய டியூபை நீளமாக வெட்டிச் சுற்றி, மேலே கட்டுக் கம்பி போட்டு, கொறடால் முறுக்கி இறுக்கினார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் முதல் கியரிலேயே மலை ஏறினோம்.

2016 ஜூன் 19 அன்று பிரான்சில், எஞ்சினின் ஏறக்குறைய இதே இடத்தில், இதே மாதிரியான ஒரு கோளாறு வந்தது. வந்தது லாரிக்கு இல்லை. 1000 குதிரைத்திறன் கொண்ட டொயோட்டா டிஎஸ்050 ஹைப்ரிட் என்ற பந்தயக் காருக்கு. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அந்தக் கார் முதலிடத்தில் இருந்தது. பந்தயம் முடிய மூன்று நிமிடம்தான் பாக்கி.

இந்தக் கதையை முழுதாகப் புரிந்துகொள்ள அந்தக் கார் எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரிய வேண்டும்.

லெ மான் பாரிசுக்குத் தென்மேற்கே உள்ள ஊர். 1923 முதல் அங்கே நடக்கும் பந்தயத்தின் விதி எளிது: மறுநாள் அதே நேரத்துக்குள் யார் அதிக தூரம் போகிறார்களோ அவர்களே ஜெயித்தவர்கள். ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மற்ற நாட்களில் பொதுமக்கள் போகும் சாலைதான். பந்தய வாரத்தில் மட்டும் அடைத்துவிடுவார்கள். அவிநாசி ரோட்டை ஒரு வாரம் மூடிப் பந்தயம் விட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள். நூற்பாலை மூன்று ஷிப்டு ஓடுவது போல, ஆள் மாறுவார்கள், வண்டி மாறாது. வெயில், மழை, இருட்டு, விடியற்காலைப் பனி எல்லாம் அந்த ஒரே வண்டிக்குத்தான். 2016ல் ஜெயித்த கார் 384 சுற்று போனது. கணக்குப் போட்டால் 5,200 கிலோமீட்டருக்கு மேல். கோவையிலிருந்து டெல்லி போய்த் திரும்பும் தூரத்தை, பெட்ரோலுக்கும் டயருக்கும் ஆள் மாற்றுவதற்கும் மட்டும் நின்று, ஒரே நாளில் ஓடி முடிப்பது போல.

இதில் ஓடும் கார்கள் இரண்டு வகை. ஒன்று, கடையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத்துக்கு மாற்றியது. இன்னொன்று புரோட்டோடைப். பந்தயத்துக்காகவே முதல் போல்ட்டிலிருந்து புதிதாகச் செய்வது. கடையில் வாங்க முடியாது, நம்பர் பிளேட் போட்டு ரோட்டில் ஓட்ட முடியாது. டிஎஸ்050 இரண்டாவது வகை. அதன் உடலை ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கும் டொயோட்டாவின் பந்தயப் பிரிவு செய்தது. எஞ்சினும் மின் பகுதியும் ஜப்பானின் ஹிகாஷி ஃபுஜி ஆய்வு மையத்திலிருந்து வந்தன. கார்பன் ஃபைபர் கூடு, சுமார் 875 கிலோ எடை. நம் ஊரில் ஓடும் மாருதி ஸ்விஃப்டின் எடைக்குக் கிட்டத்தட்ட. ஆனால் 2.4 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சினிலிருந்து 500 குதிரைத்திறன், மின்மோட்டார்களிலிருந்து இன்னொரு 500.

மின்மோட்டார் எதற்கு? அந்தக் காலத்து விதிகள் கார் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று கட்டுப்படுத்தியதைவிட, ஒரு சுற்றுக்கு எவ்வளவு எரிபொருள் எரிக்கலாம் என்பதைத்தான் இறுக்கிப் பிடித்தன. பெட்ரோல் அளந்துதான் கிடைக்கும் என்றால், வீணாகும் சக்தியைப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்துகிறவனுக்கே லாபம். கார் பிரேக் பிடிக்கும்போது முன்சக்கர மோட்டாரும் பின்சக்கர மோட்டாரும் ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் கரண்ட்டாக்கி லித்தியம் அயன் பேட்டரியில் போடும். வளைவிலிருந்து வெளியே வரும்போது அதே கரண்ட் சக்கரத்தைத் தள்ளும். டிஎஸ்050க்கு அனுமதிக்கப்பட்ட அளவு ஒரு சுற்றுக்கு 8 மெகாஜூல். நம் மீட்டர் கணக்கில் சுமார் 2.2 யூனிட். தோட்டத்தில் இருக்கும் 5 எச்.பி. மோட்டாரை அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டப் போதும். அதை அந்தக் கார் மூன்றரை நிமிடத்துக்குள் சேர்த்துச் செலவழித்துவிடுகிறது. 384 சுற்றுக்கும் முழுதாகக் கணக்கிட்டால் 850 யூனிட் ஆகிறது.

2016க்கு முந்தைய டிஎஸ்040 காரில் டர்போ இல்லாத 3.7 லிட்டர் வி8 எஞ்சின் இருந்தது. அதே சக்தியைச் சின்ன எஞ்சினில், குறைந்த பெட்ரோலில் எடுக்கத்தான் டர்போவுக்கு வந்தார்கள். டர்போ என்பது நம் லாரியில் இருப்பதேதான். வெளியேறும் புகையின் வேகம் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும், அதே தண்டில் மறுபக்கம் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். அழுத்தினால் காற்று சூடாகும், சூடான காற்று லேசாகும். அதனால் இடையில் இன்டர்கூலர் வைத்துக் குளிர வைக்கிறார்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு ஒரு குழாய் போக வேண்டும். குழாய் என்றால் இணைப்பு உண்டு. அந்த இணைப்பில்தான் கதை இருக்கிறது.

அந்த ஆண்டு பந்தயமே கனமழையால் பாதுகாப்புக் காரின் (ஆபத்தான நேரத்தில் எல்லோரையும் மெதுவாக ஓட வைக்க முன்னால் போகும் கார்) பின்னால்தான் தொடங்கியது. அப்புறம் டொயோட்டாவும் ஜெர்மனியின் போர்ஷேவும் இரவெல்லாம் மாறி மாறி முன்னால் போயின. கடைசி மணி நேரத்தில் 5ஆம் எண் டொயோட்டா முன்னிலையில் இருந்தது. ஓட்டியவர் கசுகி நகஜிமா. அவருக்கு முன் அந்த வண்டியை ஓட்டியவர்கள் ஆண்டனி டேவிட்சனும் செபாஸ்டியன் புயெமியும். டொயோட்டா லெ மானுக்கு முதலில் வந்தது 1985ல். அதற்கப்புறம் அதன் கார்கள் நான்கு தடவை இரண்டாவதாக வந்திருந்தன, ஒரு தடவைகூட முதலில் வந்ததில்லை. இந்தத் தடவை நிச்சயம் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், கடைசிக்கு முந்தைய சுற்றில், கார் வேகம் இழந்தது. சக்தி இல்லை என்று நகஜிமா ரேடியோவில் சொன்னார். தொடக்கக் கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சொந்தக் குழு உட்கார்ந்திருந்த பிட் (பெட்ரோலுக்கும் டயருக்கும் கார்கள் வந்து நிற்கும் இடம்) சுவருக்கு எதிரிலேயே, வண்டி நின்றது. 2ஆம் எண் போர்ஷே 919 அதைக் கடந்து போய் ஜெயித்தது.

டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் இருந்த இணைப்பு பழுதானதால் டர்போ கட்டுப்பாடு போய்விட்டது என்று டொயோட்டா பின்னர் அறிவித்தது. கணினியில் அமைப்புகளை மாற்றிச் சக்தியைத் திரும்பக் கொண்டுவரக் குழு முயன்றது. கடைசியில் கொண்டும் வந்தது. கார் அந்தக் கடைசிச் சுற்றை முடித்தது. ஆனால் கடைசிச் சுற்றை ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதி. நகஜிமாவுக்கு ஆனது 11 நிமிடம் 53 விநாடி. ஏறத்தாழ 24 மணி நேரம் ஓடி, 383 சுற்றுக்கும் மேல் போன காருக்கு முடிவுப் பட்டியலில் இடமே இல்லாமல் போனது. இரண்டாவது இடம் அதே டொயோட்டாவின் 6ஆம் எண் காருக்குக் கிடைத்தது, மூன்று சுற்று பின்தங்கி.

திம்பத்தில் டிரைவர் அண்ணனுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. டியூபும் கட்டுக் கம்பியும் இருந்தன. முக்கியமாக, டர்போ இல்லாமலும் உருளக்கூடிய எஞ்சின் இருந்தது. லாரி எஞ்சின் பெரியது, மெதுவானது. காற்றழுத்தம் போனாலும் பழைய காலத்து லாரி போல முக்கி முனகிப் போகும். டிஎஸ்050 அப்படி இல்லை. 2.4 லிட்டரில் 500 குதிரைத்திறன் வருவதே அந்த அழுத்தத்தால்தான். அழுத்தம், எரிபொருள், மின்மோட்டார் எல்லாம் ஒரே கணினியின் கணக்கில் ஓடுகின்றன. ஒரு இடத்தில் எண் தவறினால் கணினிக்கு எல்லாமே தவறாகத் தெரியும்.

இதில் பலரும் கேட்கும் கேள்வி, 23 மணி 57 நிமிடம் தாங்கியது கடைசி மூன்று நிமிடத்தில் ஏன் போக வேண்டும் என்பது. அந்தக் குறிப்பிட்ட இணைப்பைப் பற்றிப் பேசாமல் பொதுவாகச் சொல்கிறேன். இணைப்பு ஒரே அடியில் உடைவது குறைவு. எண்ணிக்கையில்தான் உடைகிறது. ஒவ்வொரு தடவை ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதும் குழாயில் அழுத்தம் ஏறும், பிரேக் பிடித்தால் இறங்கும். சூடும் அப்படித்தான். ஒரு சுற்றுக்கு 20 தடவை என்று குறைத்தே வைத்தாலும் 384 சுற்றுக்கு 7,680 தடவை அந்த இணைப்பு விரிந்து சுருங்குகிறது. இதன்மேல் சாலையின் அதிர்வு ஓயாமல். ஒரு கம்பியை ஒரு தடவை வளைத்தால் ஒன்றும் ஆகாது. முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால், எத்தனையாவது வளைப்பில் என்று தெரியாமல், பட்டென்று போகும். கோவை பவுண்டரிகளிலும் பம்ப் கம்பெனிகளிலும் வேலை செய்கிறவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். புது மோட்டாரைப் பெஞ்சில் ஏற்றி மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பார்ப்பது எதற்காக?

கோவைக்காரர்களுக்குக் கார் பந்தயம் புதிதும் இல்லை. கரிவர்தன் என்ற தனி மனிதர் மாருதி எஞ்சினை வைத்துச் சின்னப் பந்தயக் கார்கள் செய்து, இளைஞர்களை ஓட்ட வைத்தார். 1995ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் ஓடுதளம் அவர் பெயரில்தான் கரி மோட்டார் ஸ்பீட்வே. லெ மான் ஒரு சுற்றுக்குள் அதைப் போல ஆறரை ஓடுதளம் அடங்கும். செட்டிபாளையத்தில் நடப்பவை பெரும்பாலும் அரை மணிக்குள் முடியும் பந்தயங்கள். அதற்கான கார் வேறு மாதிரி யோசித்துச் செய்தது. முழு மூச்சாக ஓடும், முடிந்ததும் மெக்கானிக்குகள் பிரித்துப் போட்டுப் பார்ப்பார்கள். 24 மணி நேரக் காருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. பிரித்துப் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் எதிராளிக்குப் போகிறது.

நம் ஊரின் பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் 2009ல் லெ மானுக்குப் போனார். அவருக்குக் கொடுக்கப்பட்டது கோலஸ் குழுவின் ஆடி ஆர்10 டிடிஐ. 5.5 லிட்டர் வி12 டீசல் எஞ்சின். லெ மானில் ஜெயித்த முதல் டீசல் கார் இந்த வகைதான், 2006ல். 2007, 2008லும் அதுவே ஜெயித்தது. லாரி ஊர்க்காரருக்குப் பொருத்தமான கார் என்று அப்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் பந்தயம் தொடங்கும் முன்பே, பிட் சுவரைத் தாண்டும்போது விழுந்து அவருக்குத் தோள்பட்டை மூட்டு விலகிவிட்டது. மற்ற இருவர், ஆந்த்ரே லாட்டரரும் சார்ல்ஸ் ஸ்வால்ஸ்மனும், மூன்று பேர் ஓட்ட வேண்டிய வண்டியை இரண்டே பேராக ஓட்டி ஏழாவதாகக் கொண்டுவந்தார்கள். எனக்கு இன்றும் அது ஆறவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 2012ல், சென்னையின் கருண் சந்தோக் அந்தப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராகி ஆறாவதாக முடித்தார்.

டொயோட்டாவுக்கு வருவோம். 2017ல் அவர்கள் இன்னும் வேகமான டிஎஸ்050உடன் வந்தார்கள். கிளம்பும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் கமுய் கோபயாஷி 3 நிமிடம் 14.791 விநாடியில் ஒரு சுற்று போனார். சராசரியே மணிக்கு 251 கிலோமீட்டருக்கு மேல். இந்தத் தடவை போனது கிளட்ச். போன விதம்தான் மனதை விட்டுப் போகவில்லை.

டிஎஸ்050 பிட்டிலிருந்து மின்மோட்டாரில்தான் நகரும். வேகம் எடுத்த பிறகுதான் பெட்ரோல் எஞ்சின் சேரும். ஆக, நின்ற இடத்திலிருந்து எஞ்சினால் கிளப்புவதற்கு அந்த கிளட்ச் செய்யப்படவில்லை. நள்ளிரவு தாண்டி, 7ஆம் எண் கார் முன்னிலையில் இருந்தபோது, பாதுகாப்புக் கார் ஓடும் நேரத்தில், கோபயாஷி பிட் வெளிவாசலில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்தார். வேறொரு குழுவின் ஓட்டுநர் ஆரஞ்சு உடையில் ஓடி வந்து, உற்சாகப்படுத்துவதற்காகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பாதுகாப்பு அலுவலர் போகச் சொல்கிறார் என்று கோபயாஷி நினைத்தார். கிளம்பினார். குழு நிறுத்தச் சொன்னது. நின்றார். மறுபடி கிளம்பினார். இப்படி நின்று கிளம்பியதில், எஞ்சின் சக்தி முழுக்க கிளட்ச் வழியாகவே போய், கிளட்ச் கருகியது. மின்மோட்டாரை மட்டும் நம்பிப் பிட்டுக்குத் திரும்பப் பார்த்தும் முடியவில்லை. 8ஆம் எண் காருக்கு முன்மோட்டார் போய், இரண்டு மணி நேரம் பிட்டில் கிடந்தது. 9ஆம் எண் கார் இன்னொரு காரோடு மோதி டயர் கிழிந்து முடிந்தது. மூன்று காருக்கும் வெற்றி கைநழுவிப் போயிற்று.

மோசமான அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஓட்டுநர் எந்தச் சமிக்ஞையைக் கேட்டுக் கிளம்ப வேண்டும், தவறாகக் கிளம்பிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் காரின் ஒரு பாகம்தான். அதற்கும் கிளாம்ப் வேண்டும். டொயோட்டாவும் இப்படித்தான் பார்த்திருக்கிறது என்பது 2018க்குத் தயாரான விதத்தில் தெரிகிறது. சோதனை ஓட்டங்களில் வேண்டுமென்றே கோளாறுகளை உண்டாக்கினார்கள். சக்கரம் ஒன்று இல்லாமல் மூன்றில் ஓட்டித் திரும்பி வரும் பயிற்சிகூட அதில் உண்டு. எது போனால் யார் என்ன செய்வது என்று ஓட்டுநர், பொறியாளர், பிட் ஆட்கள் எல்லோருக்கும் ஒத்திகை. பெரியப்பா வண்டியின் டூல்ஸ் பெட்டியில் திம்பத்துக்கு அப்புறம் வெவ்வேறு அளவில் நான்கு கிளாம்ப் எப்போதும் கிடக்கும். அதே புத்தி, பெரிய அளவில்.

2018ல் டொயோட்டா ஜெயித்தது. 388 சுற்று. ஆடி கம்பெனி 2016 முடிவிலும் போர்ஷே 2017 முடிவிலும் விலகிப் போயிருந்தன, எதிரில் சமபலமுள்ள கம்பெனி யாரும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். புயெமியோடும் பெர்னாண்டோ அலோன்சோவோடும் சேர்ந்து அந்த 8ஆம் எண் காரை ஓட்டிய மூன்றாவது ஆள் நகஜிமா. கடைசி ஷிப்டும் அவருடையது. அதே நேர்ச் சாலையில், அதே பிட் சுவருக்கு எதிரே, இந்தத் தடவை நிற்காமல் கோட்டைத் தாண்டினார்.

கோபயாஷியின் 7ஆம் எண் கார் அதற்கப்புறமும் பாடுபட்டது. 2019ல் ஒரு மணி நேரம் பாக்கி இருக்கையில் இரண்டு நிமிடத்துக்கும் மேல் முன்னிலையில் இருந்தது. டயரில் காற்று இறங்குவதாகச் சென்சார் காட்டியது. பிட்டுக்கு வந்து அந்த டயரை மாற்றிவிட்டுப் போனால், பஞ்சரானது வேறு டயர். சென்சார் ஒயர் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தது. மறுபடி பிட்டுக்கு வந்து மாற்றுவதற்குள் 8ஆம் எண் கார் முன்னால் போய் ஜெயித்துவிட்டது. 2020ல் டர்போ பக்கக் கோளாறால் அரை மணி நேரம் போய், மூன்றாவது இடம்.

2021ல் புது விதிகளுக்காகச் செய்த ஜிஆர்010 ஹைப்ரிட் வந்தது. மைக் கான்வே, கோபயாஷி, ஹோசே மரியா லோபெஸ் மூவருக்கும் அதே 7ஆம் எண். பந்தயத்தின் பின்பாதியில் எரிபொருள் சரியாக ஏறவில்லை. டேங்கில் இருந்த பெட்ரோலை முழுதும் பயன்படுத்த முடியாமல் கார் முன்கூட்டியே பிட்டுக்கு வர வேண்டியிருந்தது. இந்தத் தடவை யாரும் காரைப் பிரிக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் ஒரு மாற்று வழி கண்டுபிடித்து ரேடியோவில் சொன்னார்கள். ஓட்டுநர்கள் அதைச் சுற்றுக்குச் சுற்று மறக்காமல் செய்துகொண்டே ஓட்டினார்கள். 371 சுற்று முடிந்தபோது 7ஆம் எண் கார் முதலில் இருந்தது.